நாள் குறித்து வைத்த தீ

நெல்லிமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பதுளை.
19.01.2025

தம்பி ரஜீவுக்கு,

சிவசக்தி எழுதுவது. உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு யாருடைய போனிலிருந்தாவது எடுத்தால், என் குரலைக் கேட்டதும் வெட்டுகிறாய். தைப்பொங்கலுக்கும் வரவில்லை. அதனால் மொனராகலைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் ஹபீஸ் நானாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம். ஆனால் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் கிழிக்கிற ஆள் நீ இல்லை.

முதலில் போன ஆடியில் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நீ அதைக் கேட்கவே இல்லை. மலையுச்சியில் யாரோ வைத்த தீ காற்றோடு இறங்கி வந்தது. நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். தாய்மார் எல்லாரும் கொழுந்து பறிக்க மலையில். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ யாரையும் கேட்காமல் நாம் குடியிருக்கிற லயத்து விளிம்பில் ஆளுயர மானாப்புல்லுக்கு எதிர்த்தீ வைத்தாய். இரண்டு தீயும் நடுவில் முட்டிக்கொண்டு செத்தன. லயம் தப்பியது, பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் உன் தீயிலிருந்து பறந்த பொறி ராசம்மா அக்காவின் மாட்டுப்பட்டியில் விழுந்து, சினைப்பசு கட்டின கயிற்றோடு எரிந்து போனது. பொலிஸ் வந்து யார் வைத்தது என்று கேட்டபோது தோட்டமே வாயை மூடிக்கொண்டு நின்றது. இங்கே தீக்கு என்றைக்கும் தகப்பன் பெயர் கிடையாது, உனக்குத் தெரியும். நான்தான், "என் தம்பிதாங்க வச்சான்" என்றேன். அது உண்மை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இப்போது எழுதும் காரணத்துக்கு வருகிறேன். இன்னொரு தடவை லயத்துப் பக்கம் தீ வந்தால் பிள்ளைக்காம்பராவை மூடிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பிள்ளைகளைக் கீழ்ப்பிரிவுக்குக் கொண்டுபோய் விட வேண்டுமாம். பால் குடிக்கிற பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு எவள் வேலைக்குப் போவாள்? மூடினால் பிள்ளைக்காரிகள் ஒருவருக்கும் வேலை இல்லை.

வனப் பாதுகாப்பு வேலையாகப் பதுளையிலிருந்து விஜிதா மிஸ் என்று ஒருவர் வந்து மலையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பெண். நம் ஆட்களை விட வேகமாக மேடு ஏறுகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, இந்தப் புல்லுக்கு நெருப்பு புதுசில்லை. வராமலே பண்ண எங்களாலை ஏலாது. ஆனா எப்ப வரவேணும் எண்டதை நாங்கள் சொல்லலாம்." மாசி முடிவதற்குள், அடிப்புல்லில் ஈரம் இருக்கும்போதே, லயத்துக்கு மேலே ஓர் அகலமான பட்டையை நாமே எரிக்க வேண்டும். சித்திரை மழையில் அது தளிர்த்துப் பச்சையாக நிற்கும். ஆடியில் உச்சியிலிருந்து வருகிற தீக்கு அங்கே தின்ன ஒன்றும் கிடைக்காது. துரையும் அனுமதி கொடுத்துவிட்டார்.

கரும்புக் காட்டில் உனக்கு வேலையே தீ வைப்பதுதான் என்று ஹபீஸ் நானா சொன்னார். வா. வந்து வைத்துக் கொடு.

அக்கா
சிவசக்தி


மொனராகலை.
28.01.2025

சிவசக்தி அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்படாதே.

நீ சொன்னது உண்மைதான். நான் வைக்கவில்லை என்று எப்போது சொன்னேன்? ஏன் வைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. "என் தம்பிதாங்க வச்சான்" என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மீதியை நான் பதுளை பொலிஸில் ஓர் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இல்லை. காலையில் எச்சரித்து விட்டார்கள். லயத்துக்கு வந்தால், நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்கூட என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் போகின்றன. "தீ வச்சவன்" என்பது அதற்குள் என் பெயராகிவிட்டது.

இங்கேயும் அதுதான் என் வேலை. வெட்டுவதற்கு முன்னால் காய்ந்த கரும்புச் சோகையை எரிக்கிறோம். ஆனால் இங்கே நேரம் குறித்து, எல்லை வெட்டி, தண்ணீர் வண்டி நிறுத்தி, இன்னார்தான் வைக்கிறார் என்று சொல்லிவிட்டு வைக்கிறோம். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தேநீர் குடிக்கிறோம். யாரும் யாரையும் முறைப்பதில்லை. உங்கள் மலையில் அப்படி நடக்காது. ஆயிரம் அனுமதி இருந்தாலும், ஒரு பொறி தவறினால் மறுபடி நான்தான்.

வரமாட்டேன். வேறு ஆளைப் பார்.

மலையில் இறங்கி எரிக்கும்போது பைனஸ் மரக்காடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த மிஸ் பார்த்தாரா? பைனஸ் பிசினில் பற்றிவிட்டால் தீயை யாராலும் பேச்சுக் கேட்க வைக்க முடியாது. சும்மா கேட்டேன்.

ரஜீவ்


நெல்லிமலை.
05.02.2025

தம்பிக்கு,

சும்மா கேட்டாயாம். சரி, சும்மா பதில் சொல்கிறேன். பைனஸ் காடு ஓடைக்கு அந்தப் பக்கம். நாங்கள் எரிக்கப்போகிற பட்டைக்கும் அதற்கும் நடுவில் ஓடையும் பாறையும் இருக்கின்றன. மிஸ் பார்த்துவிட்டார்.

நீ வராவிட்டாலும் தீ வைக்கப்படும். இதை நீ நன்றாக விளங்கிக்கொள். ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி போடுகிறவர்களைக் கேட்டேன். "குழிக்குள்ள கெடக்குற தீன்னா நாங்க பாத்துக்குவோம் தங்கச்சி, மலையில ஓடுற தீ வேற சாதி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதனால் பெண்களே செய்வதென்று முடிவு. கங்காணியிடம் சாக்கு கேட்டிருக்கிறேன். மலைத் தண்ணீர் விழுகிற பீலித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, சாக்கை நனைத்துக்கொண்டு வரிசையாக நிற்போம்.

ராசம்மா அக்கா வாசலுக்கே வந்து சத்தம் போட்டாள். "ஏன்டி, ஒரு தடவ வச்சது பத்தாதா? என் மாடு கத்துன சத்தம் இன்னும் இந்தக் காதுல நிக்கிது. மறுபடி தீங்கிற பேச்செடுத்தா நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்." அவள் கத்தி முடிக்கும் வரை நின்றேன். பிறகு, "அக்கா, ஆடியில மாட்டைத் தேடி வந்த தீ, அடுத்த ஆடியில ஒங்க பேத்தியத் தேடி வரும். அவ என் தொட்டில்லதான் தூங்குறா" என்றேன். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

திட்டம் இதுதான். லயத்துப் பக்கம் கீழே நின்று பற்ற வைப்போம். நாங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்போம், தீ எங்களை விட்டு மேலே ஏறிப் போய்விடும். அதுதான் பயமில்லாத வழி என்று எல்லாருக்கும் தோன்றுகிறது.

சிவசக்தி


மொனராகலை.
08.02.2025

அக்கா,

உனக்குப் பைத்தியமா? கீழேயிருந்து வைக்காதே. ஹபீஸ் நானாவை இன்றே புறப்படச் சொல்லிக் கெஞ்சி இதை அனுப்புகிறேன்.

மேடு ஏறுகிற தீ ஓடும். தனக்கு முன்னால் உள்ள புல்லைத் தானே காய வைத்துக்கொண்டு ஓடும். பட்டையின் மேல் எல்லையில் நிற்காது, உச்சி வரை போகும், அப்புறம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? மேலேயிருந்து வைக்க வேண்டும். காலையில் பனி உலர்ந்ததும், பள்ளத்திலிருந்து காற்று மேலே ஏறத் தொடங்குகிற நேரத்தில், மேல் விளிம்பில் ஒரு கோடாகப் பற்ற வைக்க வேண்டும். தீ காற்றை எதிர்த்துக்கொண்டு, வயிறு வலிக்கிறவன் படியிறங்குவது போல மெதுவாகக் கீழே வரும். நடந்தே அதோடு வரலாம். அது மேற்புல்லைத்தான் தின்னும், வேரைத் தொடாது. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் மண் தெரிய எல்லை வெட்ட வேண்டும். அது முதல் வேலை. விஜிதா மிஸ் இதைச் சொல்லவில்லையா? சொல்லியிருப்பார். நீ வேண்டுமென்றே எனக்குத் தப்பாக எழுதுகிறாயோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

எப்படியோ, வருகிறேன். ஒரே ஒரு நாள். ஆனால் ஒரு நிபந்தனை. இது தகப்பன் பெயர் இல்லாத தீயாக இருக்கக் கூடாது. முதல் நாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடி நிற்கும்போது, எந்த நாள், எந்த இடம், யார் வைக்கிறார் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கங்காணி சொல்லக் கூடாது. நீ சொல்ல வேண்டும். பொலிஸிடம் சொன்ன அதே வாயால், "என் தம்பிதான் வைக்கிறான், நான்தான் வரச் சொன்னேன்" என்று. பிடிக்காதவர்கள் அப்போதே சொல்லட்டும். ஒருவர் மறுத்தாலும் நான் பஸ் ஏற மாட்டேன்.

ரஜீவ்


நெல்லிமலை.
17.03.2025

தம்பிக்கு,

சொன்னபடி வந்து பட்டையை எரித்துக் கொடுத்தாய், தீ அணைந்ததும் தொட்டியில் முகம் கழுவிவிட்டு, பாதையில் இறங்கிப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஆள் இல்லை. விஜிதா மிஸ்ஸிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாயாம். அவர் உனக்குச் சொந்தமா, நான் சொந்தமா? ஒரு வாரம் கோபத்தில் எழுதவில்லை. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

பெரட்டில் நடந்ததை நீ அறிய வேண்டும். நான் எழுந்து நின்று நீ சொன்னபடியே சொன்னேன். எல்லாரும் ராசம்மா அக்காவைத்தான் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தீ வைக்கிறதுன்னா நானும் மேல வந்து நிப்பேன். புதுசா வாங்குன என் கன்னுக்குட்டிய மொதல்ல கீழ்ப்பிரிவுல கொண்டுபோய்க் கட்டிட்டு வர்றேன், அதுக்கப்புறம் வைக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு யார் மறுப்பார்கள்? சாக்கு நனைத்து வரிசையில் முதல் ஆளாக அவள் நின்றதை நீயே பார்த்தாய். நீ அவள் பக்கம் திரும்பவே இல்லை, அதையும் நான் பார்த்தேன்.

பட்டை முழுவதும் கறுப்பாகக் கிடந்தது. பார்க்கவே மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நெல்லி மரங்கள் எல்லாம் அடியில் கரி பூசி நின்றன. செத்துவிட்டன என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே பெண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு ஏறிவிட்டோம். கருகின மானாக் கட்டைகளை வேரோடு பிடுங்கி ஒரு பக்கம் குவித்துவிட்டு, மண்ணைச் சமமாக இழுத்துவிட்டோம். ஓடைப் பக்கத்துப் பாதி முடிந்துவிட்டது. நீ பார்க்க வேண்டும், புல்லு வெட்டின தேயிலை மலை மாதிரி துடைத்து வைத்தது போல இருக்கிறது. ஒரு குச்சி இல்லை. வருகிற ஞாயிறு மீதிப் பாதி. அப்புறம் கன்று நட வேண்டும். எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

சிவசக்தி


மொனராகலை.
20.03.2025

அக்கா,

நிறுத்து. மீதிப் பாதியைத் தொடாதே. இதைப் படித்த கையோடு ராசம்மா அக்கா வீட்டுக்குப் போ, மண்வெட்டியை வாங்கி உள்ளே வை.

உங்கள் எல்லாருக்கும் என்ன பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த லயத்தில் பிறந்தவன்தான். மண் தெரிந்தால்தான் மலை சுத்தம். ஒரு புல் நின்றால் கங்காணி திட்டுவான். அந்தப் பயம் எலும்புக்குள் போய்விட்டது. அதனால்தான் கூலியும் இல்லாமல், கூப்பிடவும் ஆள் இல்லாமல் போய் வெட்டியிருக்கிறீர்கள். பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியை யாராவது பிடுங்கிப் போடுவார்களா? இலை ஒன்று இல்லாமல் குச்சியாக நிற்கும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எந்தக் கங்காணியாவது சொல்வானா? வேர் உயிரோடு இருக்கிறது, தளிர் வரும் என்று குழந்தைக்கும் தெரியும். இந்தத் தீ அந்த மலைக்கு நாம் செய்த கவ்வாத்து. இங்கே கரும்பும் அப்படித்தான், எரித்து வெட்டின கட்டையிலிருந்து மறுபடி முளைக்கிறது. மானாக் கட்டையை நீங்கள் கரி என்று நினைத்தீர்கள். உள்ளே பிளந்து பார். பச்சையாக இருக்கும்.

அந்தக் கட்டைதான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. சித்திரை மழை வரப்போகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது? பிள்ளைக்காம்பரா. இதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கன்று நடுகிற பேச்சையும் விடுங்கள். அங்கே என்ன முளைக்க வேண்டும் என்று அந்த மலைக்கே தெரியும். விஜிதா மிஸ்ஸை உடனே கூப்பிடு.

சோறு விஷயம்: நின்றிருந்தால் அழுதிருப்பேன். அதுதான் போனேன்.

ரஜீவ்


நெல்லிமலை.
27.04.2025

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "மண்வெட்டியோட நீதானடி மொதல்ல ஏறுன, இப்ப நீயே நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆமாம் என்றேன். அப்படியும் சிலர் நம்பவில்லை. நீ சொன்னபடி ஒரு கட்டையைக் கவ்வாத்துக் கத்தியால் பிளந்து காட்டினேன். நடுவில் வெங்காயத்தாள் நிறத்தில் குருத்து. ராசம்மா அக்கா அதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்து, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மீதிப் பாதி தப்பியது.

வெட்டின பாதி தப்பவில்லை. சித்திரை முதல் வாரம் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மேலேயிருந்து மண் கஞ்சி மாதிரி வழிந்து வந்தது. பீலித் தொட்டி நிறைந்து மூடிக்கொண்டது. பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு சாய்ந்து நின்றது. நான் பிள்ளைகளை முன் அறைக்கு மாற்றிவிட்டு, சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சுவர் நின்றது. எங்கள் பெருமையை வாளி வாளியாக அள்ளிக் கொட்ட ஒரு வாரம் ஆனது. துரை வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல தீ, இப்ப மண்ணா?" என்றார். ஆடி வரைக்கும் பொறுங்க என்று கேட்டு அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

தொடாத பாதியைச் சொல்லவா? எரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, முழங்கால் வரை பச்சை. கரி பூசி நின்ற நெல்லி எல்லாம் சிவப்பாகத் தளிர் விட்டிருக்கின்றன. மானா மூடிக் கிடந்தபோது கண்ணில் படாத சின்னச் சின்னச் செடிகள் தரையோடு பூத்திருக்கின்றன. ஊதாவும் மஞ்சளும். பெயர் தெரியவில்லை. காடைக் குஞ்சுகள் ஓடுகின்றன. ராசம்மா அக்காவின் கன்றுக்குட்டி இளம்புல்லை விட்டு வர மாட்டேன் என்கிறது. விஜிதா மிஸ் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இனி மூண்டு வருசத்துக்கு இந்தப் பட்டையைத் தொடவேண்டாம். அடுத்த முறை பக்கத்துப் பட்டை. ஒரே இடத்தை வருசா வருசம் எரிச்சா அதுவும் செத்துப்போம்" என்றார். வெட்டின பாதியில், பிடுங்கின கட்டைகளில் உயிருள்ளதைப் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டிருக்கிறோம். சில பிடித்திருக்கின்றன, சில காய்ந்துவிட்டன.

நான் சொன்ன பொய்யையும் சொல்லிவிடுகிறேன். கீழேயிருந்து வைக்கிற திட்டம் எங்களுக்கு என்றைக்கும் இல்லை. அதை எழுதினால் நீ ஓடி வருவாய் என்றுதான் எழுதினேன். வந்தாய் அல்லவா? ஆடிக்கும் வா.

சிவசக்தி


மொனராகலை.
06.07.2025

அக்கா,

பொய்க்காரி. கீழேயிருந்து வைப்போம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

இங்கே காற்று தொடங்கிவிட்டது. அங்கேயும் உச்சியில் மானா காய்ந்து வெள்ளையாகியிருக்கும். கவனமாகக் கேள். நட்டதில் காய்ந்துபோன கட்டைகளை அங்கேயே விடாதே. அவை இப்போது வெறும் விறகு. ஒன்று விடாமல் பொறுக்கித் தேயிலைக்கு அடியில் மூடாக்காகப் போடச் சொல். ஓடைப் பள்ளத்தில் குவித்தது கிடந்தால் அதை முதலில் எடு. தீ பட்டையின் முகத்தில் வந்து நிற்கும், ஆனால் ஓரத்தில் வழி தேடும். வரிசையாக நின்று, தாண்டி விழுகிற பொறியை மட்டும் அடியுங்கள். ஓடாதீர்கள். புகைக்குப் பயந்து ஒருத்தி ஓடினால் எல்லாரும் ஓடுவீர்கள்.

ஆடிக்கு வரமாட்டேன். இது கோபம் இல்லை. நீ கேட்டதற்கு நேரான பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். மாசியில் நாம் வைத்த தீ நம் பேச்சைக் கேட்ட தீ. ஆடித் தீ அப்படியில்லை. அது இறங்கி வருகிற சத்தம் கேட்டால் நான் மறுபடி தீக்குச்சியைத்தான் எடுப்பேன். வேறெதுவும் எனக்குத் தோன்றாது. அந்த மாடு கயிற்றை இழுத்த இழுப்பு இன்னும் என் கைக்குள் இருக்கிறது. அவிழ்க்கத்தான் ஓடினேன் அக்கா. முடிச்சு இறுகிவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொலிஸிடமும் சொல்லவில்லை.

ரஜீவ்


நெல்லிமலை.
11.08.2025

தம்பிக்கு,

தீ வந்தது.

வெள்ளிக்கிழமை உச்சியில் புகை தெரிந்தது. சனிக்கிழமை பகல் காற்று திரும்பியதும் இறங்கத் தொடங்கியது. பெரிய சத்தம். அருவி விழுகிற மாதிரி. கொழுந்து மலையிலிருந்து தாய்மார் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். தொட்டில் எல்லாம் காலியான பிறகு கதவைச் சாத்திவிட்டு நானும் மேலே ஏறினேன். பயமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

மேலேயிருந்து வந்த தீ இரண்டு ஆள் உயரம். பச்சைப் பட்டையின் விளிம்பைத் தொட்டதும் அது குனிந்தது. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. புகை வெள்ளையாக மாறி, தீ தரையோடு தவழ்ந்து, ஆங்காங்கே சீறி அணைந்தது. நாங்கள் பொறியை மட்டும் அடித்தோம். ஒருத்தியும் ஓடவில்லை.

ஓடைப் பக்கத்தில்தான் வினை. காய்ந்த கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். பாறைக்குப் பின்னால் ஒரு குவியலை மறந்திருக்கிறோம். அது பிடித்து, அந்த வழியாகத் தீ ஒரு நாக்கை நீட்டியது. நேராகப் பிள்ளைக்காம்பராக் கூரைக்கு. ராசம்மா அக்கா நனைத்த சாக்கோடு அதன் மேல் விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சேர்வதற்குள் பாதியை அணைத்துவிட்டாள். இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆறிவிடும் என்று சொல்கிறார்கள்.

நேற்று பார்க்கப் போனேன். அவளாகவே பேச்செடுத்தாள். "ஒன் தம்பி அன்னைக்கு நின்ன எடத்துல நேத்து நான் நின்னேன்டி சிவசக்தி. யோசிக்க நேரமே இல்ல. கையில என்ன இருக்கோ அதோட பாயத்தான் தோணுது. அவன் கையில தீக்குச்சி இருந்துச்சு, என் கையில சாக்கு இருந்துச்சு, அவ்வளவுதான்." உன் கடிதத்தில் நீ எழுதியதை, கயிற்றின் முடிச்சை, நான் அவளிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இந்த முறையாவது முழுவதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவுக்கப் போனானா" என்று மட்டும் கேட்டாள்.

துரை பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைக்காம்பரா இன்று காலை திறந்தாகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கின்றன. புகை மணத்தில் தும்முகின்றன.

நீ வரவில்லை. பயம் என்று சொன்னாய், எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மேலே நின்றபோது உன்னைத் தேடினேன். அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கிறது.

சிவசக்தி


மொனராகலை.
14.08.2025

அக்கா,

வந்தேன்.

சனிக்கிழமை காலை ஹபீஸ் நானா போனில், "ஒங்கட மலையில புகை தம்பி" என்றார். கத்தியைக் கரும்பிலேயே குத்திவிட்டுப் பஸ் ஏறினேன். பசறை தாண்டி, பள்ளத்துக்கு அப்பால் நம் மலை தெரிகிற வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அதற்கு மேல் கால் வரவில்லை. அங்கேயே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் பார்த்தேன். தீ இறங்குவதைப் பார்த்தேன். கீழே புள்ளி புள்ளியாகச் சேலைகள். அதில் எது நீ என்று தெரியவில்லை. ஓடப்போகிறார்கள், இப்போது ஓடப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். ஒரு புள்ளியும் நகரவில்லை. பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க தீய நிறுத்திட்டாளுக" என்று தானாகப் பேசினாள். நான் அவளிடம், "அது என் அக்கா" என்றேன். எந்தப் புள்ளியைக் காட்டுவது என்று தெரியாமல் மலை முழுவதையும் காட்டினேன்.

ஓடைப் பக்கம் புகை எழுந்து அடங்கியது. அது ராசம்மா அக்கா என்று உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். முடிச்சு விஷயத்தை அவளிடம் சொன்னதற்கு உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை.

அன்றைக்கு எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அது போய்விட்டது. இத்தனை மாதமும், நான் இல்லாவிட்டால் லயம் எரிந்துவிடும், நான் இருந்தாலும் ஏதாவது எரிந்துவிடும் என்ற இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன். இரண்டும் இல்லை. என் கை இல்லாமலே தீ நின்றது. இனி அந்த மலைக்குத் தீக்காரன் தேவையில்லை.

வருகிற ஞாயிறு வருகிறேன். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போவேன். நீ கூட வரவேண்டாம், அவளோடு நான் தனியாகப் பேச வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வருகிறேன். இந்த முறை எரிப்பதற்கு எதுவும் இல்லை, அணைப்பதற்கும் எதுவும் இல்லை. வெறுங்கையோடு, உன் தம்பியாக மட்டும் வருகிறேன்.

ரஜீவ்